பனையேந்தல்: ஊரா, கண்மாயா? வரைபடத்திலிருந்து அழிக்கும் முன் ஒரு கேள்வி

வைகைவடகரை | ஞாயிறு இரவு 9:10

வணக்கம் நண்பர்களே. மானாமதுரைக்கும் பரமக்குடிக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள கண்மாய்களை, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொன்றாக வரைந்து வருகிறேன். இரண்டு வருடமாக வார இறுதி முழுக்க இதே வேலை. இப்போது ஒரு பெயரில் வந்து மாட்டிக்கொண்டேன்.

பனையேந்தல். வரைபடத்தில் "கிராமம்" என்று புள்ளி போட்டிருக்கிறது. பல வருடம் முன்பு யாரோ மொத்தமாக ஏற்றிய பட்டியலில் வந்த புள்ளி. செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் அது விழுந்திருப்பது கண்மாயின் உள்வாயில், அதாவது கரைக்கு உள்ளே நீர் தேங்கும் பகுதியில். சுற்றிலும் சீமைக்கருவேலம். அரைக் கிலோமீட்டருக்கு ஒரு கூரைகூடத் தெரியவில்லை.

படத்தை மட்டும் நம்பக் கூடாது என்று இன்று காலை பைக்கில் கிளம்பிப் போனேன். மெயின் ரோட்டில் இருக்கும் பெரிய ஊரின் டீக்கடையில் விசாரித்தேன். "பனையேந்தலா? அது கம்மா பேருப்பா. அங்க ஊருன்னு ஒண்ணும் கெடையாது" என்றார் கடைக்காரர். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பெரியவர்களும் அதையேதான் சொன்னார்கள். கண்மாய்க் கரை வரை போய்ப் பார்த்தேன். மடை இருக்கிறது, மடை ஓரத்தில் கருப்பசாமி கல் இருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லை.

ஆகவே ஊர்ப் புள்ளியை நீக்கிவிட்டு, கண்மாய்க்கு மட்டும் அந்தப் பெயரை வைக்கலாம் என்றிருக்கிறேன். இல்லாத ஊரை நம்பி யாரும் கருவேலங்காட்டுக்குள் வண்டியை விட்டு மாட்டக் கூடாது. ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள், புதன் வரை காத்திருக்கிறேன்.

தரவுக்கட்டு | ஞாயிறு இரவு 9:48

நீக்குவதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டைப் புரட்டினேன். பனையேந்தல் என்று ஒரு கிராமம் இருக்கிறது, ஆறு இலக்கக் குறியீட்டு எண்ணும் இருக்கிறது. பக்கத்துக் கட்டத்தில் "ஆளில்லாதது" என்று போட்டிருக்கிறார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கணக்கெடுப்பில் "கிராமம்" என்றால் வருவாய் கிராமம். அளந்து எல்லை குறித்த ஒரு நிலப்பரப்பு, அவ்வளவுதான். அதற்குள் பத்து குடியிருப்பு இருந்தாலும் ஒரே கிராமம், ஒரு வீடுகூட இல்லாவிட்டாலும் அதுவும் கிராமம். 2011-இல் நாடு முழுக்க ஏறத்தாழ 6.4 லட்சம் கிராமங்கள். அவற்றில் 40 ஆயிரத்துக்கு மேல் ஆளில்லாதவை. தமிழ்நாட்டில் 15,979 கிராமங்கள். ஆள் குடியிருந்தது ஏறத்தாழ 15 ஆயிரத்தில்தான். மீதிக்கெல்லாம் பெயர் உண்டு, எண் உண்டு, ஹெக்டேர் கணக்கில் பரப்பு உண்டு, மனிதர் இல்லை. கன்னடத்திலும் வடக்கேயும் வருவாய்த் துறையில் இப்படிப்பட்ட ஊரை "பேசிராக்" என்பார்கள். பாரசீகச் சொல். விளக்கில்லாதது என்று பொருள்.

இந்தப் பட்டியலை அப்படியே எடுத்து வரைபடத்தில் கொட்டும்போது விளக்கில்லாத ஊருக்கும் ஊர்ப் புள்ளி விழுந்துவிடுகிறது. பனையேந்தல் அந்த வகை என்றுதான் நினைக்கிறேன்.

கோடைமழை | ஞாயிறு இரவு 10:05

"ஏந்தல்" என்றாலே நீரை ஏந்தி நிற்கும் இடம், சிறிய ஏரி. பெயரே பதிலைச் சொல்லுகிறதே. தாராளமாக நீக்கலாம்.

புலப்படம் | திங்கள் காலை 6:20

தம்பி, அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். நான் நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

பெயரை வைத்து முடிவு கட்டுவதானால் சிவகங்கை, ராமநாதபுரத்தில் பாதி ஊரைக் காலி செய்ய வேண்டிவரும். ஏந்தல், குளம், ஊருணி, வயல், வலசை என்று முடியாத ஊர் அங்கே எத்தனை? நீர் கிடைத்த இடத்தில்தான் மனிதன் குடியேறினான், நீரின் பெயரே ஊருக்கும் ஆகிவிட்டது. புதுக்கோட்டைப் பக்கம் "வயல்" என்று முடியும் ஊர்களில் நாலு தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள். அங்கே போய் இது வயல்தானே என்று சொல்ல முடியுமா?

செய்ய வேண்டியது இது. அந்த வருவாய் கிராமத்தின் அ-பதிவேட்டை எடுங்கள். புல எண் வாரியாக ஒவ்வொரு துண்டும் என்ன வகை என்று அதில் இருக்கும்: புஞ்சை, நஞ்சை, புறம்போக்கு. அதில் "நத்தம்" என்று ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். நத்தம் என்பது வீடு கட்டிக் குடியிருக்க ஒதுக்கிய இடம். நத்தம் இருந்தால் அங்கே ஒரு காலத்தில் அடுப்பு எரிந்திருக்கிறது என்று அர்த்தம். அரசின் இணையச் சேவைத் தளத்தில் பட்டா பார்க்கும் இடத்தில் ஊரகம், நகர்ப்புறம் என்பதோடு நத்தம் என்று தனித் தேர்வே உண்டு.

அடுத்தது சுடுகாடு. பதிவேட்டில் மயானப் புறம்போக்கு தனியாக இருக்கிறதா? கண்மாய் மட்டும் உள்ள இடத்துக்குச் சுடுகாடு எதற்கு?

முன்பெல்லாம் ஊர்க் கணக்குப் பார்த்த கர்ணத்தைக் கேட்டால் போதும், வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார். 1980-இல் அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்தார்கள், ஒழித்தது நியாயம்தான். ஆனால் இப்போது ஒரே கிராம நிர்வாக அலுவலர் பல கிராமங்கள் சேர்ந்த ஒரு குரூப்பைப் பார்க்கிறார், சில வருடத்தில் மாறுதலாகிப் போய்விடுகிறார். அவருக்குத் தெரியவில்லை என்பதாலேயே ஊர் இல்லை என்று ஆகிவிடாது. தலையாரியை, அதாவது கிராம உதவியாளரைக் கேளுங்கள், அவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரராக இருப்பார்.

கல்வெட்டுப்படி | திங்கள் காலை 8:32

புலப்படம் ஐயா சொன்ன இரண்டு அடையாளமும் ஆயிரம் வருடப் பழையவை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களைச் சொல்லும்போது, ஒவ்வோர் ஊரின் மொத்த நிலத்திலிருந்தும் வரி விதிக்காத இடங்களைக் கழித்துக் காட்டுவார்கள். அந்தக் கழிவுப் பட்டியலில் முதலில் வருவது ஊர்நத்தம். பிறகு கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், பறைச்சேரி, கம்மாளர்கள் குடியிருந்த கம்மாணச்சேரி, சுடுகாடு.

ஊர் என்றால் அதற்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று அன்றைய கணக்கர்களுக்கு ஒரு தெளிவு இருந்திருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். நத்தமும் சேரியும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றன. மனிதர் குடியிருந்த இடம் இரண்டுமே, ஆனால் "ஊர்" என்ற சொல் ஒட்டிக்கொண்டது ஒன்றில்தான். வைகைவடகரை எந்த இடத்தில், யாரிடம் விசாரித்தார் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தரவுக்கட்டு | திங்கள் காலை 9:15

நத்தம் இருப்பது ஒரு காலத்தில் குடியிருந்ததற்குச் சான்று, இன்று ஊர் என்பதற்கு ஆகாது. கீழடியில் அகழ்வாய்வு நடந்த பள்ளிச்சந்தை திடலும் ஒரு காலத்தில் ஊர்தான். 2015-இல் தோண்டத் தொடங்கும்போது அது தென்னந்தோப்பு. அதற்கு ஊர்ப் புள்ளி வைப்போமா? வரைபடம் இன்றைய நிலையைக் காட்ட வேண்டும், அதைத்தான் சொல்கிறேன்.

தாமிரபரணி | திங்கள் மதியம் 1:40

எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்று சொல்கிறேன். தூத்துக்குடி மாவட்டத்தில், செய்துங்கநல்லூர் பக்கம் மீனாட்சிபுரம் என்று ஓர் ஊர். தண்ணீர்ப் பஞ்சத்தால் குடும்பம் குடும்பமாக வெளியேறிவிட்டார்கள். கடைசியில் ஒரே ஒரு பெரியவர் மட்டும் அங்கே தங்கியிருந்தார், வருடக்கணக்காகத் தனியாக. செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். 2024-இல் அவரும் காலமானார்.

அவர் இருந்தவரை அது ஊரா இல்லையா? ஒரே ஆளாக இருந்தாலும் ஊர்தான் என்பேன். ஏனென்றால் வெளியூரில் இருப்பவர்கள் கோயில் கொடை விழாவுக்கு அங்கேதான் திரும்பி வந்தார்கள், "எந்த ஊர்" என்று கேட்டால் மீனாட்சிபுரம் என்றுதான் சொன்னார்கள். அவர் இறந்த மறுநாள் அது ஊர் இல்லாமல் போய்விட்டதா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. ஆனால் அழிப்பதற்கு என் கை எழாது.

வைகைவடகரை | திங்கள் இரவு 8:55

நத்தம் பார்த்தேன். இருக்கிறது! கண்மாயின் மேல்கோடியில் ஒரு சிறு துண்டு. மயானத்துக்கும் தனிப் புல எண் இருக்கிறது. புலப்படம் ஐயாவுக்கு நன்றி.

இன்னொரு விஷயமும் புரிந்தது. வருவாய் கிராமத்தின் எல்லையை வரைந்து பார்த்தால் புள்ளி சரியாக அதன் நட்டநடுவில் இருக்கிறது. அதாவது யாரும் ஊரைப் பார்த்துப் புள்ளி வைக்கவில்லை. எல்லைக்கோட்டின் மையத்தைக் கணினி கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. இந்த மாதிரிச் சின்னக் கண்மாய்க் கிராமங்களில் பரப்பில் பெரும்பங்கு கண்மாயே என்பதால் மையம் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. நான் புள்ளியைச் சுற்றி வீடு தேடியதே தப்பு.

இன்னொரு பட்டியலில் இதே பெயர், ஆங்கில எழுத்துகள் மட்டும் கொஞ்சம் மாறி, இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு புள்ளியாக இருக்கிறது. ஒரே ஊர்தான், "ந்த"வை ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள்.

கோடைமழை | திங்கள் இரவு 9:20

இந்த எழுத்துக் குழப்பம் எல்லா இடத்திலும் உண்டு. 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று அரசாணை வெளியாகி, சில நாளிலேயே திரும்பப் பெற்றார்களே, நினைவிருக்கிறதா? பெயரைத் தமிழில் சரிபார்க்காமல் எந்த ஊரையும் இரண்டாக எண்ணக் கூடாது. "ஏந்தல்" பற்றி நேற்று நான் எழுதியது அவசரம், அதைத் திரும்பப் பெறுகிறேன்.

முளைப்பாரி | செவ்வாய் காலை 5:50

தம்பி வைகைவடகரை, நான் பிறந்தது அந்தச் சுற்றுவட்டாரம், கல்யாணம் ஆகி இப்போது திருப்பூரில் இருக்கிறேன். பனையேந்தல் நான் நேரில் பார்த்ததில்லை, ஆனால் சின்ன வயதில் பெயர் கேட்டிருக்கிறேன். "பனையேந்தல் ஆளுக" என்று சொல்வார்கள். கண்மாய்க்கு ஆளுகள் இருக்க மாட்டார்கள் அல்லவா?

நீங்கள் டீக்கடையில் கேட்டது தப்பில்லை. ஆனால் எங்கள் பக்கம் ஊரைக் கண்டுபிடிக்க வேறு ஒரு கேள்வி இருக்கிறது. "இங்க எத்தனை தலைக்கட்டு?" என்று கேளுங்கள். கல்யாணம் ஆகித் தனிக்குடும்பமாக இருக்கும் ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. முளைப்பாரித் திருவிழாவுக்கும் சாமி கும்பிடுக்கும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். ஒரு குடியிருப்பு இன்னோர் ஊருக்கு வரி கொடுத்தால் அது அந்த ஊரின் பகுதி. தனக்குள்ளேயே கூடி, தனக்குள்ளேயே வரி பிரித்து, தன் சாமியைத் தானே கும்பிட்டால் அது தனி ஊர். பத்தே வீடாக இருந்தாலும் சரி. கூட்டம் போட்டு முடிவெடுக்க ஓர் இடம் இருந்தால் ஊர். அரசாங்கப் பதிவேட்டில் இந்தக் கணக்கு எதுவும் வராது, ஆனால் ஊர்க்காரர்களுக்கு இதில் சந்தேகமே இருக்காது.

இன்னொன்று. ரோட்டோரம் தனியாகத் தொகுப்பு வீடு எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய ஊர்க்காரர்கள் அதை "காலனி" என்பார்கள், இல்லையென்றால் "ரோட்டு வீடு" என்பார்கள். அங்கே ஓர் ஊர்ப் பெயர் இருக்கலாம் என்ற நினைப்பே சிலருக்கு வராது. "காலனி" என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல்லை நீக்கினால் அந்த இடத்தில் வேறு பெயர் வேண்டும். அது புதிதாகச் சூட்டிய பெயராக இல்லாமல் அவர்களுடைய பழைய பெயராகவே இருக்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

வைகைவடகரை | செவ்வாய் காலை 7:05

அக்கா, இருக்கிறது. கிழக்கே, தார் ரோட்டை ஒட்டி ஒரே மாதிரி வீடுகள் வரிசையாகப் படத்தில் தெரிகின்றன. புள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. பக்கத்து வருவாய் கிராமத்தின் எல்லைக்குள் வருவதால் நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ஞாயிறு போகிறேன். அதுவரை எதையும் தொட மாட்டேன்.

புலப்படம் | செவ்வாய் காலை 7:30

போகும்போது இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாளை எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் பகுதி 58 கே வரிசைத் தாள்களில் வரும். 2017-இலிருந்து இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பழைய பதிப்பு யாரிடமாவது கிடைத்தால் இன்னும் நல்லது. வீடுகள் சிவப்பில் இருக்கும், கண்மாய் நீலத்தில். பெயர் எந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

வைகைவடகரை | ஞாயிறு இரவு 10:30

போய் வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீக்கடையைத் தாண்டி நேராக ரோட்டு வீடுகளுக்குப் போனேன். முதலில் கண்ணில் பட்டது தண்ணீர்த் தொட்டி. கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி இல்லை, பழைய சிமென்ட் தொட்டி, நாலு குழாய் வைத்தது. சுவரில் நீலப் பெயிண்டில் ஊராட்சி ஒன்றியத்தின் பெயர், திட்டத்தின் பெயர், அதற்குக் கீழே "இடம்:" என்று போட்டு, பாதி உதிர்ந்துபோய் "பனையே" வரை தெளிவாகத் தெரிகிறது. அடுத்த எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் குழாயிலிருந்து வடிந்த துருக்கறை. அங்கேயே வண்டியை நிறுத்திவிட்டேன்.

தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அக்காவிடம் "இது எந்த ஊருக்கா?" என்றேன். ஊர்ப் பெயரை நானாகச் சொல்லவில்லை, சொன்னால் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார்களோ என்று. "பனையேந்தல்" என்றார், குடத்தை நிமிர்த்தாமலே. எத்தனை தலைக்கட்டு என்று கேட்டதும்தான் நிமிர்ந்து பார்த்தார். "பதினாலு. நீங்க யாரு, வரி கேட்டு வந்தீங்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். திண்ணையில் உட்கார வைத்து, உள்ளேயிருந்து ஓர் அப்பத்தாவைக் கூட்டி வந்தார்கள்.

அப்பத்தா சொன்னதை முடிந்தவரை அப்படியே தருகிறேன். "முன்ன கம்மாக்கு மேக்கால இருந்தோம். ஊருணித் தண்ணி உப்பாப் போச்சு. அந்த நேரத்துல இங்கிட்டு ரோடு போட்டாங்க, எம்.ஜி.ஆர் இருந்தப்ப. ஒவ்வொரு வீடா வந்தோம். சாமிய மட்டும் எடுத்தாரல, சாமி அங்கனயே இருக்கட்டும்னுட்டோம்." மடை ஓரம் நான் பார்த்த கருப்பசாமி அவர்களுடையதுதான். மகா சிவராத்திரிக்கு இன்றும் அங்கே போய்த்தான் பொங்கல் வைக்கிறார்கள், சென்னையிலும் திருப்பூரிலும் இருக்கிற பங்காளிகள் எல்லாம் வருகிறார்கள். வரி அவர்களுக்குள்ளேயே பிரிக்கிறார்கள். பெரிய ஊருக்குக் கொடுப்பதில்லை. "அவுக வாங்க மாட்டாக" என்றார் அப்பத்தா. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஒரு பையன் தன் அண்ணனுடைய கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினான். மாப்பிள்ளை வீட்டார் பெயருக்கு நேராக "பனையேந்தல்" என்று அச்சடித்திருக்கிறது. ரேஷன் கார்டில் பெரிய ஊரின் பெயர். ஆதாரிலும் அதே. "கார்டுல இருக்கிறது அந்த ஊரு, நாங்க இருக்கிறது இந்த ஊரு" என்றான் பையன். பத்தாவது படிக்கிறானாம்.

பிறகு பையனே பழைய இடத்துக்குக் கூட்டிப் போனான். கருவேல மரத்துக்கு நடுவில் ஒரு மேடு. செம்மண் சுவர்கள் கரைந்து முழங்கால் உயரத்துக்கு நிற்கின்றன. ஆட்டுக்கல் ஒன்று, குழவி இல்லாமல், குழியில் மழைத்தண்ணீரோடு அப்படியே கிடக்கிறது. பதிவேட்டில் நத்தம் என்று இருந்த துண்டு அதுதான், ஜிபிஎஸ் வைத்துப் பார்த்தேன்.

இப்போது சொல்லுங்கள். கணக்கெடுப்பு சொன்னது சரி, பனையேந்தல் எல்லைக்குள் ஆள் இல்லை. டீக்கடைக்காரர் கண்மாயைத்தான் காட்டினார். இவர்கள் பதினாலு குடும்பமும் பனையேந்தலில்தான் இருக்கிறார்கள். ஊர் எல்லைக்கோட்டைத் தாண்டி நடந்து போய்விட்டது, பெயரையும் கூடவே எடுத்துக்கொண்டு. அழித்திருந்தேன் என்றால் எவ்வளவு பெரிய தப்பு செய்திருப்பேன் என்று வரும் வழி முழுக்க நினைத்துக்கொண்டே வந்தேன்.

தரவுக்கட்டு | ஞாயிறு இரவு 11:10

படித்தேன். நீக்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன். கணக்கெடுப்புக் கையேடு பொய் சொல்லவில்லை. ஆனால் நான் அதனிடம் கேட்ட கேள்வியே வேறு. "இந்த எல்லைக்குள் ஆள் உண்டா" என்பதற்குத்தான் அது பதில் சொல்லும். "இந்தப் பெயரில் ஆள் உண்டா" என்பதற்குச் சொல்லாது. அந்தப் பதினாலு குடும்பமும் பக்கத்துக் கிராமத்தின் தொகைக்குள் கரைந்திருக்கிறார்கள்.

ஊரக வளர்ச்சித் துறைக் கணக்கில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகளும் 79 ஆயிரத்துக்கு மேற்பட்ட குக்கிராமங்களும் உண்டு. கணக்கெடுப்பின் 16 ஆயிரம் கிராமத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சராசரியாக ஒரு வருவாய் கிராமத்துக்குள் ஐந்து குடியிருப்பு. அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை கணக்கெடுப்புப் பட்டியலில் தலைகாட்டாது. தண்ணீர்த் தொட்டியும் தெருவிளக்கும் போடுவது ஊராட்சி என்பதால் அவர்கள் குக்கிராமப் பட்டியலில் பனையேந்தல் இருக்க வேண்டும். நாளை தேடிப் பார்க்கிறேன்.

கல்வெட்டுப்படி | திங்கள் காலை 8:00

பத்திரங்களில் "உட்கடை கிராமம்", "மஜரா" என்று எழுதுவதும் இப்படி ஒரு வருவாய் கிராமத்துக்குள் அடங்கிய குக்கிராமத்தைத்தான். மஜரா அரபு, பாரசீகம் வழியாக வந்த சொல், மூலப்பொருள் விதைக்கும் நிலம். நிலத்துக்கு வைத்த சொல் அங்கே குடியிருந்தவர்களின் இடத்துக்கும் ஆகிவிட்டது. ஏந்தலும் வயலும் ஊரான மாதிரியே.

தரவுக்கட்டு | திங்கள் மாலை 6:25

கிடைத்தது. ஊராட்சியின் குக்கிராமப் பட்டியலில் பனையேந்தல் இருக்கிறது, பெரிய ஊருக்கு அடுத்த வரியிலேயே.

வைகைவடகரை | திங்கள் இரவு 9:00

அப்படியானால் இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன். ஊர்ப் புள்ளியை ரோட்டு வீடுகளுக்கு நகர்த்தி, "பனையேந்தல்" என்ற பெயரோடு குக்கிராமம் என்று வைக்கிறேன். பழைய நத்த மேட்டுக்கு "பழைய பனையேந்தல்", ஆள் குடியிருக்காத இடம் என்று. கண்மாய்க்குப் பனையேந்தல் கண்மாய். வருவாய் கிராம எல்லை தனியாக, அதே பெயரில். இன்னொரு பட்டியலில் இருந்து வந்த இரட்டைப் புள்ளி மட்டும் நீங்கும். தண்ணீர்த் தொட்டியின் படத்தையும் குக்கிராமப் பட்டியலையும் ஆதாரமாகக் குறிப்பில் சேர்க்கிறேன். வீடுகளின் படமோ ஆட்களின் படமோ போடவில்லை.

"பழைய" என்று நானாக ஒட்டுவது சரியா என்பது மட்டும் சந்தேகம். அவர்கள் அந்த மேட்டை வெறுமனே "நத்தம்" என்றார்கள்.

முளைப்பாரி | திங்கள் இரவு 9:35

அவர்கள் சொன்னபடியே "நத்தம்" என்று வையுங்கள் தம்பி. நாம் பெயர் சூட்ட வேண்டாம். காலையிலிருந்து உங்கள் பதிவை மூன்று தடவை படித்துவிட்டேன், என் அம்மாவுக்கும் போனில் வாசித்துக் காட்டினேன். "அந்த ஆட்டுக்கல்லு இன்னுமா கெடக்கு" என்று கேட்டார். அம்மா அங்கே போயிருக்கிறார் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

தாமிரபரணி | திங்கள் இரவு 9:50

நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. மீனாட்சிபுரத்தையும் இதேபோல ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கொடை சமயத்தில் போனால்தான் ஆள் இருக்கும்.

புலப்படம் | செவ்வாய் காலை 6:10

எல்லாம் சரியாக இருக்கிறது தம்பி. ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பதிவேட்டில் மயானத்துக்குத் தனிப் புல எண் இருக்கிறது என்றீர்களே, ரோட்டு வீடுகளிலிருந்து அதற்குப் போகிற பாதையை வரைந்தீர்களா? புல எண்ணுக்கான அளவை வரைபடமான புலப்படத்தில் வண்டிப்பாதை என்று புள்ளிக்கோடு இருக்கும். அந்தப் பாதை வரைபடத்தில் இருப்பது அவர்களுக்கு ரொம்ப முக்கியம். நாளைக்கு யாராவது வேலி போட்டால் இப்படி ஒரு பாதை இருந்தது என்று காட்ட ஓர் இடமாவது இருக்கட்டும்.

வைகைவடகரை | செவ்வாய் காலை 6:40

இல்லை ஐயா, வரையவில்லை. படத்தில் மரம் மூடிக் கிடக்கிறது. ஞாயிறு மறுபடி போகிறேன், அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு நடந்தே பார்த்துவிட்டு வரைகிறேன்.